மடிக்கணினி உலகம் சுற்றலாம், மின்கம்பி சுற்றலாமா?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பல வீடுகளில் காணக்கூடிய காட்சி இது. வெளிநாட்டில் வாங்கி வந்த மடிக்கணினியின் மின்கம்பியில் இரண்டு முனைப் பிளக் இருக்கும். சுவரில் உள்ள சாக்கெட்டிலோ மூன்று துளைகள். பிளக் உள்ளே நுழைய மறுக்கும். உடனே வீட்டில் ஒருவர் பேனாவையோ உணவுக்குச்சியையோ எடுத்து மேல் துளைக்குள் அழுத்துவார். கீழே உள்ள இரண்டு துளைகளும் திறந்துகொள்ளும். பிளக் உள்ளே போகும். மடிக்கணினியில் சிறு விளக்கு எரியும். வேலை முடிந்தது என்று எல்லாரும் நகர்ந்துவிடுவார்கள்.

உண்மையில் அங்கே தொடங்குவது ஆபத்து. மேல் துளை எர்த் முனைக்கு உரியது. சரியான பிளக்கின் நீளமான எர்த் முனை உள்ளே சென்ற பிறகுதான் மின்சாரம் உள்ள துளைகளின் மூடி திறக்க வேண்டும். பிள்ளைகள் கம்பியையோ ஆணியையோ நுழைத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. பேனா அந்தக் காவலை ஏமாற்றிவிடுகிறது. அதோடு, அந்தச் சாக்கெட்டுக்காகச் செய்யப்படாத மெல்லிய முனைகள் உள்ளே இறுக்கமாகப் பிடிக்கப்படுவதில்லை. தளர்வான இணைப்பு சூடேறும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பிளக்கில் ஃபியூஸ் கிடையாது.

மேற்படிப்புக்கும் வேலைக்கும் சுற்றுலாவுக்கும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நாடு விட்டு நாடு செல்வோர் பெருகியுள்ள காலம் இது. கணினியில் கிருமி புகுந்துவிடுமோ என்று அஞ்சுவோர் பலர். அதற்கு உயிர் கொடுக்கும் மின்கம்பியைத் திரும்பிப் பார்ப்போர் மிகச் சிலரே.

அடாப்டர் சொல்வது ஒன்று, கம்பி சொல்வது ஒன்று

மடிக்கணினியுடன் வரும் கறுப்புப் பெட்டி போன்ற அடாப்டரின் அடிப்பகுதியைத் திருப்பிப் பார்த்தால், 100 முதல் 240 வோல்ட் வரை, 50 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை என்று அச்சிடப்பட்டிருக்கும். ஜப்பானின் 100 வோல்ட், அமெரிக்காவின் 120 வோல்ட், மலேசியா, சிங்கப்பூரின் 230 வோல்ட் ஆகிய அனைத்தையும் அந்த அடாப்டர் தாங்கிக்கொள்ளும் என்பது அதன் பொருள். இதைப் படித்தவுடன் பலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள்.

ஆனால், அந்த வாசகம் அடாப்டருக்கு மட்டுமே உரியது. சுவரிலிருந்து அடாப்டர் வரை செல்லும் மின்கம்பி தனிப்பொருள். அதைக் கழற்றலாம், மாட்டலாம். தயாரிப்பாளர்கள் உலகம் முழுமைக்கும் ஒரே அடாப்டரைச் செய்கிறார்கள். கம்பியை மட்டும் எந்த நாட்டில் விற்கிறார்களோ அந்த நாட்டுக்கு ஏற்பப் பெட்டியில் வைக்கிறார்கள். கணினியைப் பயன்படுத்தும் நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட மின்கம்பியையே பயன்படுத்த வேண்டும் என்று கையேட்டிலும் எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கத்தைத்தான் யாரும் படிப்பதில்லை.

ஜப்பானியக் கம்பியின் பிளக்கை உற்றுப் பார்த்தால் 7 ஆம்பியர், 125 வோல்ட் என்று இருக்கும். அமெரிக்கக் கம்பியின் பிளக்கிலும் 125 வோல்ட் என்றே இருக்கும். மலேசியா, சிங்கப்பூர், ஐரோப்பா, இந்தியா ஆகிய இடங்களுக்கான கம்பிகளில் 250 வோல்ட் என்று காணலாம். 125 வோல்ட்டுக்கு மட்டுமே உறுதி அளிக்கப்பட்ட ஒன்றை 230 வோல்ட்டில் மாட்டுவது, ஒரு டன் தாங்கும் பாலத்தில் இரண்டு டன் லாரியை ஓட்டுவதைப் போன்றது. பாலம் அன்றே இடிந்து விழாமல் போகலாம். ஆனால், இடியாது என்று யாரும் உறுதி கூறவில்லை.

மின்னழுத்தம் கூடும்போது அடாப்டர் இழுக்கும் மின்னோட்டம் குறையத்தானே செய்யும், பிறகு என்ன கவலை என்று விவரம் தெரிந்த சிலர் கேட்பதுண்டு. மின்னோட்டம் குறைவது உண்மையே. ஆனால், கம்பியின் மேலுறையும் முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளியும் மின்னழுத்தத்தைத் தடுப்பதற்காக அமைந்தவை. அவை சோதிக்கப்பட்டு அங்கீகரிக்கப்பட்டது குறைந்த மின்னழுத்தத்துக்குத்தான்.

நாட்டுக்கு நாடு விதி மாறுவது ஏன்?

பிளக்குகளின் வடிவம் மாறுவதை வெறும் பிடிவாதம் என்று நினைப்பவர்கள் உண்டு. வீட்டுச் சுவருக்குள் ஓடும் மின்கம்பி அமைப்பே அந்த வேறுபாட்டுக்கு ஒரு முக்கியக் காரணம்.

மலேசியாவும் சிங்கப்பூரும் பிரிட்டனின் வழியைப் பின்பற்றுகின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செம்பைச் சிக்கனப்படுத்த வேண்டிய நிலையில் இருந்த பிரிட்டனில், பல சாக்கெட்டுகளை ஒரே வளையமாக இணைக்கும் முறை வந்தது. 1947-இல் அதற்கான 13 ஆம்பியர் பிளக்கின் தரவிதி வெளியிடப்பட்டது. பிஎஸ் 1363 என்பது அதன் பெயர். மலேசியாவில் எம்எஸ் 589, சிங்கப்பூரில் எஸ்எஸ் 145 என்ற தரவிதிகள் இதே பிளக்கைப் பற்றியவை.

இத்தகைய வளையத்தைக் காக்கும் சுவிட்ச் 30 அல்லது 32 ஆம்பியர் அளவில் இருக்கும். வளையம் இல்லாத இணைப்புகளில் 20 ஆம்பியர் இருப்பது வழக்கம். மடிக்கணினி அடாப்டர் இழுப்பதோ மிகச் சொற்பம். 65 வாட் அடாப்டர் ஒன்று 230 வோல்ட்டில் ஓர் ஆம்பியர்கூட இழுப்பதில்லை. அதற்கேற்ப அதன் கம்பியும் மெல்லியது. உள்ளே உள்ள செம்பின் பருமன் பெரும்பாலும் 0.75 சதுர மில்லிமீட்டர்தான்.

அந்த மெல்லிய கம்பிக்குள் பழுது ஏற்பட்டு, 15 ஆம்பியர் மின்சாரம் பாயத் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். 20 ஆம்பியர் சுவிட்ச் விழாது; அதன் கணக்கில் எந்தத் தவறும் நடக்கவில்லை. கம்பியோ கொதித்துக்கொண்டிருக்கும். இந்த இடத்தில்தான் பிளக்குக்குள் இருக்கும் சிறிய ஃபியூஸ் தன் உயிரைக் கொடுத்து வீட்டைக் காப்பாற்றுகிறது. மடிக்கணினிக் கம்பிகளில் பொதுவாக 3 அல்லது 5 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும். அது எரிந்துவிட்டது என்பதற்காகக் கையில் கிடைத்த 13 ஆம்பியர் ஃபியூஸைப் போடுவது, காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். என்ன அளவு போட வேண்டும் என்பது பிளக்கிலேயே எழுதப்பட்டிருக்கும்.

அமெரிக்க வீடுகளில் சாக்கெட் இணைப்புகள் 15 அல்லது 20 ஆம்பியர் சுவிட்சுகளால் காக்கப்படுகின்றன. அங்கே சாதாரண கம்பியின் பிளக்கில் ஃபியூஸ் இருப்பதில்லை. அந்தக் கம்பியைப் பயண மாற்றுப் பிளக்கின் உதவியோடு 32 ஆம்பியர் வளையத்தில் மாட்டும்போது, அந்த மாற்றுப் பிளக்கிலும் ஃபியூஸ் இல்லையென்றால், கம்பிக்கு முன்னால் காவல் என்று எதுவும் இல்லை.

கையில் ஏற்படும் ‘சுருக்’

உலோக உடல் கொண்ட மடிக்கணினியின் மீது மணிக்கட்டு படும்போது எறும்பு ஊர்வதுபோல் ஒரு சுருக்கென்ற உணர்வு ஏற்படுவதைப் பலர் அனுபவித்திருப்பார்கள். சிலர் அதைக் கணினியின் கோளாறு என்று எண்ணிக் கடைக்குத் தூக்கிச் செல்வதும் உண்டு.

அடாப்டருக்குள் மின்சார இரைச்சலை வடிகட்டும் சிறு பாகங்கள் உள்ளன. அவற்றின் வழியே மிக நுண்ணிய அளவு மின்சாரம் கசியும். எர்த் தேவைப்படாத இரட்டைக் காப்பு அடாப்டர்களில் இந்தக் கசிவு 0.25 மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்று தகவல் தொழில்நுட்பக் கருவிகளுக்கான முந்தைய அனைத்துலகத் தரவிதி வரம்பு வகுத்தது. அந்த அளவில் ஏற்படும் சுருக்கென்ற உணர்வு தொந்தரவே தவிர, உயிருக்கு ஆபத்தானதன்று.

மூன்று முனைக் கம்பியோடு வரும் அடாப்டர்களின் நிலை வேறு. அவை எர்த் இணைப்பை நம்பி வடிவமைக்கப்பட்டவை. உள்ளே பழுது ஏற்பட்டால் மின்சாரம் எர்த் வழியாகப் பாய்ந்து சுவிட்சை விழச் செய்ய வேண்டும். எர்த் முனையை உடைத்துவிட்டோ, இரண்டு முனை மாற்றுப் பிளக்கில் மாட்டியோ பயன்படுத்தினால், அந்த மின்சாரத்துக்குக் கிடைக்கும் ஒரே வழி அதைத் தொடும் மனிதரின் உடல்தான்.

கசிவு மின்சாரத்தை உணர்ந்து துண்டிக்கும் ஆர்சிசிபி கருவி கடைசி அரண். சிங்கப்பூரில் 1985 ஜூலைக்கு முன் கட்டப்பட்ட சில வீடுகளில் அது இல்லாமல் இருந்தது. எனவே, எல்லாக் குடியிருப்புகளிலும் அது இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. பொருத்திக்கொள்ள 2025 ஜூலை 1 வரை அவகாசம் தரப்பட்டது. ஆனால், கடைசி அரண் இருக்கிறது என்பதற்காக முதல் அரணை இடித்துவிடலாமா?

பொருந்துவது வேறு, பாதுகாப்பது வேறு

பிளக் உள்ளே போய்விட்டால் சரி என்ற எண்ணமே பயணிகள் பலரையும் ஏமாற்றுகிறது. சில நாடுகளின் நிலையைப் பார்த்தால் இது விளங்கும்.

ஜெர்மானிய வகைப் பிளக், டென்மார்க்கின் பாரம்பரிய சாக்கெட்டில் தாராளமாக நுழையும். கணினியும் வேலை செய்யும். ஆனால், ஜெர்மானியப் பிளக்கில் எர்த் பட்டை பக்கவாட்டில் இருக்கிறது. அந்த டேனிஷ் சாக்கெட்டில் எர்த்துக்குத் தனித் துளை. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை.

சீனாவின் மூன்று முனைப் பிளக் ஆஸ்திரேலிய சாக்கெட்டில் தலைகீழாகப் பொருந்திவிடும். எனினும், ஆஸ்திரேலியாவில் 2005 முதல் இத்தகைய பிளக்குகளின் மின்முனைகளுக்கு அடிப்பகுதியில் காப்புறை இருக்க வேண்டும் என்பது விதி. பிளக்கைப் பாதி இழுத்த நிலையில் விரல் பட்டால் மின்சாரம் தாக்காமல் இருக்கவே அந்த உறை. சீனப் பிளக்கில் அது பொதுவாக இருப்பதில்லை. மலேசியா, சிங்கப்பூர் பிளக்குகளின் கீழ் இரு முனைகளிலும் பாதி வரை கறுப்பு உறை இருப்பதும் இதே காரணத்தால்தான்.

இந்தியாவுக்கு அடிக்கடி சென்று வரும் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அங்கே உருண்டையான மூன்று முனைகள் கொண்ட பிளக்குகள் புழங்குகின்றன. ஐரோப்பிய வகை இரண்டு முனைப் பிளக் அந்தச் சாக்கெட்டிலும் போய்விடும். ஆனால், அதன் முனைகள் 4 மில்லிமீட்டர் பருமன். இந்திய 6 ஆம்பியர் சாக்கெட்டின் துளைகள் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் முனைகளுக்கு உரியவை. பிளக் ஆடும், பொறி பறக்கும், கறுத்துப் போகும். சென்னையில் உறவினர் வீட்டில் தங்கும் ஒரு வாரமே என்றாலும், அங்குள்ள கடையில் ஐஎஸ்ஐ முத்திரை பெற்ற பிளக்குடன் கூடிய கம்பியை வாங்கி மாட்டுவதே முறை.

ஜப்பானில் மின்கம்பி, பிளக், அடாப்டர் ஆகியவை வைர வடிவத்துக்குள் பிஎஸ்இ என்ற எழுத்துகளைத் தாங்கியிருக்க வேண்டும். சீனாவில் சிசிசி, தென்கொரியாவில் கேசி முத்திரை. அமெரிக்காவில் 1894-இல் தொடங்கப்பட்ட யூஎல் நிறுவனத்தின் முத்திரை பெரிதும் மதிக்கப்படுகிறது. ஐரோப்பாவில் ஒரு விந்தை உண்டு. அடாப்டரின் மீது இருக்கும் சிஇ முத்திரை, வீட்டுப் பிளக்குக்குப் பொருந்தாது. அதனால் பிளக்கில் ஜெர்மனியின் விடிஇ, நெதர்லாந்தின் கீமா, இத்தாலியின் ஐஎம்கியூ என்று அந்தந்த நாட்டுச் சோதனை நிலையங்களின் முத்திரைகள் வரிசையாக இருக்கும். ஒரு சிறிய பிளக்கின் தலையில் எறும்புக் கூட்டம்போல் குறிகள் தெரிவதற்குக் காரணம் இதுவே.

முத்திரை என்பது ஒரு விலாசம்

இந்தக் குறிகளெல்லாம் வெறும் அலங்காரம், பெரிய நிறுவனத்தின் பொருளானால் போதும் என்று சிலர் வாதிடலாம். பெரிய நிறுவனங்களின் கம்பிகளிலும் குறை நேர்ந்திருக்கிறது என்பதே அதற்குப் பதில்.

2014 ஆகஸ்டில் ஹெச்பி நிறுவனம் தன் மடிக்கணினிகளுடன் வந்த மின்கம்பிகளைத் திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 5.6 மில்லியன் கம்பிகள். கம்பி அதிகமாகச் சூடேறி உருகியதாகவும் கருகியதாகவும் 29 புகார்கள் வந்திருந்தன. இருவருக்குச் சிறு தீக்காயம். அதே ஆண்டு டிசம்பரில் லெனோவோ நிறுவனமும் அதே வகைக் கம்பிகளைத் திரும்பப் பெற்றது. இரண்டிலும் கம்பியின் அடாப்டர் முனையில் எல்எஸ்-15 என்ற குறி வார்க்கப்பட்டிருந்தது.

2016 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட், சர்ஃபேஸ் புரோ கணினிகளின் மின்கம்பிகளைத் திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் அவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய 2.25 மில்லியன். கம்பியை இறுக்கமாகச் சுற்றியும் முறுக்கியும் நீண்ட நாள் பயன்படுத்தும்போது அது சூடேறக்கூடும் என்பது கண்டறியப்பட்ட குறை. 2019 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் 2003 முதல் 2010 வரை அனுப்பிய மூன்று முனைச் சுவர்ப் பிளக்குகளை மாற்றித் தர முன்வந்தது. அவை முக்கியமாக பிரிட்டன், ஹாங்காங், சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்கானவை. உடைந்தால் மின்சாரம் உள்ள பகுதி வெளியே தெரிந்துவிடும் என்பது அதில் இருந்த ஆபத்து.

இந்தச் சம்பவங்களில் ஒரு பாடம் இருக்கிறது. குறை கண்டுபிடிக்கப்பட்டபோது, எந்தக் கம்பி என்று அடையாளம் காட்ட எல்எஸ்-15 என்ற குறி இருந்தது. பொறுப்பேற்க ஒரு நிறுவனம் இருந்தது. மாற்றுக் கம்பி வீடு தேடி வந்தது. பெயரும் குறியும் இல்லாமல் கூடையில் குவித்து விற்கப்படும் கம்பிக்கு எந்த விலாசமும் இல்லை. அதில் குறை இருந்தால் யார் யாருக்குத் தெரிவிப்பது? மிச்சம் பிடித்த சில வெள்ளியின் உண்மையான விலை அதுதான்.

மலேசியா, சிங்கப்பூர் விதிகள்

மலேசியாவில் பிளக், மின்கம்பி முதலியவை எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதலைப் பெற்ற பிறகே விற்பனைக்கு வர வேண்டும். சிரிம் முத்திரை அதன் வெளி அடையாளம். சிங்கப்பூரில் மூன்று முனைப் பிளக்குகளும் கணினி அடாப்டர்களும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களின் பட்டியலில் உள்ளன. அவற்றில் பதிவு எண்ணுடன் கூடிய பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும். பதிவு செய்யாமல் அவற்றை விற்போருக்கு $10,000 வரை அபராதமோ ஈராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு அலுவலகம் இதைக் கவனிக்கிறது.

சட்டம் விற்பவரைத் தடுக்கும். பெட்டிக்குள் கட்டி எடுத்து வருபவரைத் தடுக்க அவரது விழிப்புணர்வால் மட்டுமே முடியும்.

உலகம் முழுவதும் ஒரே பிளக் இருந்தால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பே. அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையம் 1986-இலேயே அப்படி ஒரு வடிவத்தை வெளியிட்டது. அதைத் தழுவி நடைமுறைக்குக் கொண்டுவந்த நாடுகள் பிரேசில், தென்னாப்பிரிக்கா என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். கோடிக்கணக்கான வீடுகளின் சுவர்களை யார் உடைப்பது? ஐரோப்பிய ஒன்றியம் மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதல் யூஎஸ்பி-சி மின்னேற்றியைப் பொது விதியாக்கிச் சட்டம் இயற்றியது. ஆனால், அது கணினிப் பக்கத்தை மட்டுமே ஒன்றாக்குகிறது. சுவர்ப் பக்கம் பழையபடியேதான்.

செய்ய வேண்டியவை

அடாப்டரில் கம்பி நுழையும் வாயைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று வட்டங்கள் சேர்ந்து மிக்கி மவுஸ் தலைபோல் இருந்தால் அது எர்த் கொண்டது. எட்டு என்ற எண்ணைப்போல் இருந்தால் எர்த் இல்லாத இரட்டைக் காப்பு வகை. இந்த வாய்களின் வடிவம் உலகம் முழுவதும் ஒன்றே. எனவே, போகும் நாட்டில் அதே வாய்க்குப் பொருந்தும் உள்ளூர்க் கம்பியை வாங்கிக்கொள்வது எளிது.

வாங்கும்போது கம்பியிலும் பிளக்கிலும் அந்த நாட்டின் முத்திரையும் 250 வோல்ட் போன்ற அளவும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 13 ஆம்பியர் பிளக்கானால் ஃபியூஸ் இருக்க வேண்டும். கீழ் இரு முனைகளில் மட்டுமே உறை இருக்க வேண்டும். உலோக எர்த் முனையிலும் கறுப்பு உறை போட்டிருந்தால் அது போலி என்று உடனே ஒதுக்கிவிடலாம். அந்த உறை எர்த் தொடர்பையே தடுத்துவிடக்கூடும்.

மாற்றுப் பிளக் தவிர்க்க முடியாதது என்றால், எர்த்தும் ஃபியூஸும் கொண்டதைத் தேர்ந்தெடுத்து, சில நாள் பயன்பாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. கம்பியை அடாப்டரைச் சுற்றி இறுகக் கட்டக் கூடாது. மெத்தைக்கு அடியிலும் கதவிடுக்கிலும் விடக் கூடாது. பிளக் தொட்டால் சுடுகிறது, பழுப்பேறியிருக்கிறது என்றால் அன்றோடு அதற்கு விடை கொடுத்துவிட வேண்டும். நாடு திரும்பும்போது வெளிநாட்டுக் கம்பியை உறவினருக்கு அன்பளிப்பாகக் கொடுப்பதையும் தவிர்க்கலாம்.

ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய மடிக்கணினிக்கு உறை வாங்குகிறார்கள், காப்புறுதி எடுக்கிறார்கள். அதைச் சுவரோடு இணைக்கும் ஒரு முழக் கம்பிக்குச் சில நிமிடக் கவனமே தேவை. அடுத்த முறை பிளக் சாக்கெட்டுக்குள் நுழைய மறுத்தால், அந்தச் சுவர் ஏதோ சொல்ல வருகிறது என்று பொருள். பேனாவைத் தேடுவதற்கு முன் அதைக் கேட்டுக்கொள்வது வீட்டில் உறங்குபவர்களுக்கு நல்லது.